தாமுவின் தமிழ் இருந்த இடம்

இன்னொருவருடைய மூளையில் தப்பான இடத்தில் அடையாளச் சீட்டு வைக்கக் காரணமாக இருந்தவன் என்ற பெருமை, தமிழில் எழுதுகிறவர்களில் எனக்குத் தெரிந்து எனக்கு ஒருவனுக்குத்தான் உண்டு. நான் டாக்டர் இல்லை. மாதாப்பூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்துக்குக் கையேடு எழுதுகிறவன். எழுதியவனே திரும்பப் படிக்காத இலக்கிய வகை அது.

அப்படிப்பட்டவன் ஆபரேஷன் தியேட்டருக்குள் எப்படிப் போனான், போனவன் சும்மா இருக்காமல் என்ன செய்தான் என்பதை இந்தத் தொடரில் இத்தனை வாரமும் சாமர்த்தியமாகத் தாண்டி வந்துவிட்டேன். என் கார் ஓட்டும் லட்சணத்தைப் பற்றிப் போன வாரம் எழுதியதும், இதைவிட ஒரு மனுஷன் கேவலப்பட முடியாது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். முடியும் ஐயா.

நீலக் கூடாரம்

காலை பத்து மணி இருக்கும். குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். எனக்கு முழங்காலோடு நின்றுவிட்ட பச்சை அங்கி, தலையில் குல்லா, காலில் இரண்டு வேறு அளவில் ரப்பர் செருப்பு. எதிரே நீலத் துணியால் கட்டிய ஒரு சின்னக் கூடாரம். அதற்குள் பக்கவாட்டில் திரும்பியபடி என் நண்பர் தாமோதரனின் முகம். துணிக்கு அந்தப் பக்கம் அவருடைய மண்டை திறந்திருந்தது. இந்தப் பக்கம் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா ரைட்டரே, அங்கிய இழுத்து இழுத்து வுடுறீங்க? ஆபரேஷன் எனக்கா, உங்களுக்கா?"

அவர் விழித்திருக்க வேண்டும், பேச வேண்டும். அன்றைக்கு அதுதான் அவருடைய வேலை. மூளையின் இடது பக்கத்தில், பேச்சு உண்டாகிற இடத்தை ஒட்டி, ஒரு நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி. மெதுவாக வளர்கிற வகை. எவ்வளவுக்கு எவ்வளவு எடுக்கிறார்களோ அவ்வளவுக்கு நல்லது. ஒரு நூல் கூடுதலாகப் போனால் பேச்சு போய்விடும். எல்லை எங்கே என்பது ஸ்கேனில் சரியாகத் தெரியாது. ஆளை எழுப்பி, பேச வைத்து, மூளையில் துளி மின்சாரத்தால் தொட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும். தொட்டதும் பேச்சு தடுக்கினால், அங்கே கத்தி போகக் கூடாது என்று எண் போட்ட குட்டிச் சீட்டு ஒன்றை வைப்பார்கள். தடுக்காத இடத்தை எடுப்பார்கள்.

தடுக்கியதா இல்லையா என்று சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் நான்.

உப்புமா தந்த நண்பர்

தாமோதரன் என்கிற தாமு சாரை எனக்குத் தந்தது உப்புமா. சிக்கந்தராபாத்தை ஒட்டிய ஹப்சிகுடாவில் நாங்கள் சில தமிழர்கள் மாதம் ஒரு கூட்டம் போடுவோம். அப்படி ஒரு கூட்டத்தில் "மனம் எங்கே இருக்கிறது?" என்ற தலைப்பில் நான் பேசினேன். பதினோரு பேர் வந்திருந்தார்கள். அதில் ஒன்பது பேர் உப்புமாவுக்கு வந்தவர்கள்.

என் வாதம் எளிமையானது. எனக்குப் பல் வலிக்கிறது. டாக்டர் என் நரம்பைப் படம் பிடிக்கலாம், அதில் ஓடும் மின்சாரத்தை அளக்கலாம். என் வலியை எடுத்து மேஜைமேல் வைக்க முடியுமா? முடியாது. ஆகவே மனம் என்பது மண், மரம், மாங்காய் போல இயற்கையில் கிடக்கும் பொருள்களில் ஒன்று அல்ல.

கடைசி வரிசையில் தட்டோடு உட்கார்ந்திருந்த ஒருவர் கேட்டார்: "பல்லைப் புடுங்கினா வலி போயிடுதே சார், அது எப்டி?"

அன்றைய கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது அந்த ஒரு தடவைதான். பேசியது நான் இல்லை.

மௌலா அலி பக்கத்தில் இருக்கும் ஆலையில் வாழ்நாள் முழுக்க உலோகத்தைச் சூடாக்கியவர் அவர். கொள்ளுத்தாத்தா பட்டாளத்தோடு வேலூர்ப் பக்கத்திலிருந்து சிக்கந்தராபாத் வந்து தங்கிவிட்டார்; நாலு தலைமுறையாக அங்கேதான். அன்று தொடங்கி, ஞாயிற்றுக்கிழமை தோறும் மௌலா அலி குன்றுப் படிகளில் ஏறிக்கொண்டே சண்டை போடுவது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது.

"சூடுன்னா இன்னா ரைட்டரே? அணுவோட ஆட்டம். ஆட்டம் நின்னுச்சுன்னா, சூடு எங்க போச்சுன்னு டார்ச் அடிச்சித் தேடுவீங்களா? மனசும் அப்டித்தான். மூளையோட ஆட்டம்."

"சூட்டை உணர்றதுக்கு ஒருத்தர் வேணுமே தாமு சார். அந்த ஒருத்தர் எங்க?"

"அது இன்னோர் ஆட்டம்."

பதினைந்து வருடம் இப்படியே ஓடியது. முதலில் மூச்சு வாங்கி உட்காருகிறவர் தோற்றவர் என்று ஒரு விதி உண்டாக்கிக்கொண்டோம். உலோக ஆலையில் வேலை செய்தவரையும் கையேடு எழுதுகிறவனையும் ஒரே படியில் ஏற்றினால் மெய்யியல் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தமிழை மட்டும் தொடாதீங்க

அறுவை செய்யப்போகும் டாக்டரம்மா நாற்பது வயதுத் தெலுங்குப் பெண்மணி. சிக்கனமாகப் பேசுவார். உங்களுக்கு எத்தனை பாஷை தெரியும் என்று தாமு சாரைக் கேட்டார். தமிழ், தெலுங்கு, தக்கணி உருது, இங்கிலீஷ் என்று இவர் விரல் மடக்கினார். பல பாஷை பேசுகிறவர்களுக்கு ஒவ்வொன்றும் கொஞ்சம் தள்ளித் தள்ளி இருக்கலாம், எல்லாவற்றையும் மணிக்கணக்கில் சோதிக்க முடியாது, எது உங்களுக்கு முக்கியம் என்று சொல்லுங்கள் என்றார் டாக்டரம்மா.

தாமு சார் யோசிக்கவேயில்லை. "இங்கிலீஷ் போனா போட்டும், ரிட்டையர் ஆயிட்டேன். தெலுங்கு போனா கடைல கையக் காட்டி வாங்கிக்கிறேன். தமிழ் மட்டும் நக்கோ டாக்டர். அதைத் தொடாதீங்க."

காரணம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அவர் மனைவி கஸ்தூரி, வேலூரிலிருந்து கல்யாணமாகி வந்தவர். முப்பது வருடம் ஆகியும் அவருடைய தெலுங்கு காய்கறிக் கடையைத் தாண்டியதில்லை. மகளுக்குத் தமிழ் புரியும். பதில் தெலுங்கில்தான் வரும். அந்த வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவரிடம் தமிழ் போய்விட்டால் இன்னொருவருக்குப் பேச ஆள் இல்லை.

பேச்சுப் பயிற்சியாளர் ஸ்ரவந்திக்குத் தமிழ் தெரியாது. நெருங்கின சொந்தத்தைத் தியேட்டருக்குள் விடுவதில்லை என்பது டாக்டரம்மாவின் விதி. "அண்ணன் போகட்டும், அவரு தமிழ்ல எழுதறவரு" என்றார் கஸ்தூரி.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நண்பருக்கு மூளையில் கட்டி என்று கேட்டபோது வந்த கவலையில் பாதி, உள்ளே போகலாம் என்றதும் காணாமல் போனது. மனம் எங்கே என்று பதினைந்து வருடமாகக் குன்று ஏறிக் கத்தியவனுக்குக் கதவைத் திறந்து காட்டுகிறேன் என்கிறார்கள். யாருக்குத்தான் ஆசை வராது?

நான் திருத்திய தாள்

எண்பது படங்கள் கொண்ட கட்டு ஒன்றை ஸ்ரவந்தி என்னிடம் கொடுத்தாள். வீட்டில் வைத்து ஒவ்வொன்றாகக் காட்டி, அவர் சொல்கிற பேரை எழுதி வர வேண்டும். ஆபரேஷன் அன்று அந்தத் தாளோடு ஒப்பிட்டுத்தான் சரி, தப்பு. "இண்ட்லோ எலா அண்டாரோ, அலாகே ராயண்டி" என்று இரண்டு தடவை சொன்னாள். வீட்டில் எப்படிச் சொல்வாரோ அப்படியே எழுதுங்கள் என்று அர்த்தம். எனக்கு நன்றாகவே புரிந்தது.

முதல் நாள் குடைப் படத்தைக் காட்டினேன்.

"இது ஒரு சத்ரி."

"குடை, தாமு சார்."

"ஹவ், குடை" என்று ஒப்புக்கொண்டார்.

கத்தரிக்கோலைக் காட்டினால் கைஞ்சி. கொய்யாப்பழத்தைக் காட்டினால் ஜாமக்கா. எண்பதில் பத்துப் பதினைந்து இப்படி. நான் விடவில்லை. ஒவ்வொன்றையும் திருத்தி, திரும்பச் சொல்ல வைத்து, தாளில் குடை, கத்தரிக்கோல், கொய்யாப்பழம் என்று என் அழகான கையெழுத்தில் எழுதி டிக் போட்டேன். மூன்றாம் நாள் தாமு சார் பரீட்சைக்குப் படித்தவர் மாதிரி ஒப்பித்தார்.

கஸ்தூரிதான் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "அண்ணா, அவரு வாயில வர்றத அப்டியே எழுதிக்கோங்களேன். அந்த டீச்சர் பொண்ணு அதானே சொல்லிச்சி?"

ஆஸ்பத்திரித் தாளில் நல்ல தமிழ் இருக்க வேண்டாமா என்று நான் கேட்டேன். மூளை அறுவை சிகிச்சையைப் புத்தக மதிப்புரை மாதிரி நடத்திக்கொண்டிருந்தேன் என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரிந்தது ஒன்றுதான்: நாலு தலைமுறைக்குப் பிறகு ஒரு சிக்கந்தராபாத் குடும்பத்தை வழிக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

யானை வரவில்லை

தியேட்டரில் ஏற்பாடு இப்படி. நான் படத்தைக் காட்ட வேண்டும். அவர் "இது ஒரு" என்று ஆரம்பித்துப் பேரைச் சொல்ல வேண்டும். "இது ஒரு" என்பதே வரவில்லை என்றால் வாய் நின்றுவிட்டது. அது வந்து பேர் வரவில்லை என்றால் சொல் நின்றுவிட்டது. மின்சாரம் எப்போது தொடுகிறது என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்தால் இருவரும் ஏமாற்றிவிடுவோமாம்.

"இது ஒரு பூனை. இது ஒரு நாற்காலி. இது ஒரு மீன்."

சுவரில் இருந்த திரையில் அவருடைய மூளை தெரிந்தது. இளஞ்சிவப்பாக, மேலே சிவப்பு ரத்தக் குழாய்கள் ஓட, தூங்குகிற குழந்தையின் வயிறு மாதிரி மெல்ல ஏறி இறங்கியது. அதற்கு வலி தெரியாதாம். உடம்பின் வலியெல்லாம் போய்ச் சேருகிற இடத்தைத் தொட்டால் வலிக்காது! பல்வலியை வைத்துப் பதினைந்து வருடம் வாதாடியவனுக்கு இதை யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை.

யானைப் படத்தைக் காட்டினேன்.

"இது ஒரு..."

நின்றது. உதடு பிரிந்தபடி இருந்தது. கண் என்னையே பார்த்தது. போர்வைக்கு வெளியே இருந்த கை மெல்ல எழுந்து காற்றில் தும்பிக்கை போட்டுக் காட்டியது. துணிக்கு அந்தப் பக்கம் மின்சாரம் விலகியிருக்க வேண்டும், "யானை!" என்று விக்கல் மாதிரி வெளியே விழுந்தது.

வேறு படங்கள் காட்டினோம். மறுபடி யானை. மறுபடி "இது ஒரு..." அவ்வளவுதான். இந்தத் தடவை ஸ்ரவந்தி குனிந்து தெலுங்கில் கேட்டாள்: "இதி ஏமிட்டி அங்கிள்?"

"இதி ஒக ஏனுகு" என்றார் தாமு சார், தங்குதடையில்லாமல்.

என் உடம்பில் இருந்த மயிர் அத்தனையும் எழுந்து நின்றது. அதே யானை. அதே வாய். அதே நொடி. தெலுங்கு யானை வந்துவிட்டது, தமிழ் யானை வரவில்லை! கையெட்டும் தூரத்தில், ஒரு குண்டூசித் தலை அளவு இடத்தில், அவர் அம்மா மடியில் கற்றுக்கொண்ட ஒரு சொல் போவதும் வருவதுமாக இருந்தது, யாரோ ஸ்விட்ச் போடுவது போல. மனம் இயற்கையில் கிடக்கும் பொருள் அல்ல என்று மைக் பிடித்துச் சொன்னவன், அதைத் திரையில் பார்த்துக்கொண்டு நின்றேன். தோற்றது போலவே இல்லை. கத்த வேண்டும் போல இருந்தது. முகமூடி இருந்ததால் தப்பித்தேன்.

அந்த இடத்தில் ஐந்து என்ற சீட்டை வைத்தார் டாக்டரம்மா.

எட்டாம் எண்

இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். தாமு சாருக்கு உதடு வறண்டுவிட்டது. ஸ்ரவந்தி ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டே இருந்தாள். குரலில் பரீட்சைக்கு வந்தவரின் சுறுசுறுப்பு போய், வீட்டு நாற்காலியில் சாய்ந்தவரின் சோர்வு வந்திருந்தது. குடையைக் காட்டினேன்.

"இது ஒரு சத்ரி."

"தப்பு!" என்றேன்.

இரண்டு படம் கழித்துக் கொய்யாப்பழம். "இது ஒரு ஜாமக்கா."

"தப்பு! டாக்டர், தமிழ் போகுது, வேற பாஷை வருது!"

பிறகு கைஞ்சி. மூன்றாவது தப்பு. ஐந்தாம் எண்ணில் பார்த்த அதிசயத்தின் இன்னொரு வடிவம் இது என்று எனக்குச் சந்தேகமே இல்லை. தமிழை அணைத்தால் அடியில் இருக்கும் தக்கணியும் தெலுங்கும் எழுந்து வருகின்றன! மனத்துக்குள் கட்டுரைக்குத் தலைப்புகூட வைத்துவிட்டேன்.

"நிச்சயமாகத் தப்புதானே?" என்று இங்கிலீஷில் கேட்டார் டாக்டரம்மா. நான் தாளை உயர்த்திக் காட்டினேன். எட்டு என்ற சீட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தது. பிறகு அவர் உதவியாளரிடம் தாழ்ந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது: "இக்கட ஆபேத்தாம். மிகதாதி ஒதிலெய்யாலி."

இங்கே நிறுத்திவிடுவோம், மீதியை விட்டுவிட வேண்டியதுதான். மீதி என்றால் கட்டியில் மீதி.

கூடாரத்துக்குள் தாமு சார் முனகினார். "இன்னா ரைட்டரே, எதச் சொன்னாலும் தப்பு தப்புன்றீங்க? சத்ரிய சத்ரின்னாம வேற இன்னான்னு சொல்லணும்?"

தாளைப் பார்த்தேன். என் கையெழுத்து. என் டிக்.

மானிட்டர் நாலைந்து தடவை பீப் போட்டது. அந்த நாலைந்து பீப்புக்குள், சும்மா இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்ற எண்ணம் வந்ததா என்று கேட்டால், வந்தது. மனம் இருக்கும் இடத்தில் அதுவும்தான் இருக்கிறது.

"டாக்டர், தப்பு அவரோடது இல்லை. என்னோடது. அவர் வீட்டில் எப்பவும் அப்படித்தான் சொல்வார். நான்தான் மாற்றிச் சொல்லிக்கொடுத்து, மாற்றி எழுதினேன்."

தியேட்டரில் அத்தனை முகமூடிகளும் என் பக்கம் திரும்பின.

"மின்சாரம் இல்லாமல் காட்டுங்கள்" என்றார் டாக்டரம்மா. காட்டினேன். சத்ரி, ஜாமக்கா, கைஞ்சி. "இப்போது யாரும் மாற்றிச் சொல்லிக்கொடுக்காத படங்கள்." பூனை, மீன், பூனை, நாற்காலி, மறுபடி பூனை. எட்டாம் எண்ணில் மூன்று தடவை மின்சாரம் தொட்டதாக ஸ்ரவந்தி பிறகு சொன்னாள். மூன்று தடவையும் பூனை பூனையாகவே வந்தது.

இடுக்கி ஒன்று எட்டாம் எண்ணை எடுத்துக்கொண்டு போனதையும், அந்த இடத்தில் கத்தி இறங்கியதையும் திரையில் பார்த்தேன். ஸ்ரவந்தி என் கையில் இருந்த தாளை எடுத்துக்கொண்டாள். "நீங்கள் படம் மட்டும் காட்டுங்கள் சார்" என்றார் டாக்டரம்மா. குரலில் கோபம் இல்லை. அதுதான் பொறுக்க முடியவில்லை.

யார் ஜெயித்தது

ஆபரேஷன் முடிந்த முதல் நாள் தாமு சார் பேசவில்லை. கேட்டால் தலையை மட்டும் அசைத்தார். வீக்கம் இருக்கும், வற்றட்டும் என்றார்கள். எட்டாம் எண்ணை எடுக்கச் சொன்னவன் நான். ஒருவேளை அது உண்மையிலேயே தொடக் கூடாத இடமாக இருந்து, மூன்று பூனையும் தற்செயலாக வந்திருந்தால்? வார்டுக்கு வெளியே லிப்ட் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஏறி இறங்குகிறவர்களின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கஸ்தூரியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

இரண்டாம் நாள் காலை கஸ்தூரி கதவைத் திறந்து வெளியே வந்தார். "தண்ணி கேட்டாருண்ணா" என்றார். கதவைச் சாத்திவிட்டு, "தமிழ்ல கேட்டாரு" என்றார். பிறகு புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

மூன்றாம் நாள் தலைக்கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார் தாமு சார். கட்டியில் பெரும்பகுதி போய்விட்டது, ஐந்தாம் எண் இருந்த ஓரத்தில் மட்டும் கொஞ்சம் விட்டிருக்கிறோம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தார். எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"தாமு சார், அந்த யானை வராதப்போ உள்ளே எப்படி இருந்தது?"

சொற்கள் நிதானமாக, ஒவ்வொன்றாக வந்தன. "யானைன்னு தெரியுது. தும்பிக்கை தெரியுது. உங்க முழிப்பும் தெரியுது. பேரு மட்டும்... கதவு மூடிக்கினாப்ல."

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். "பாத்தீங்களா! சொல் போனப்புறமும் தெரிஞ்சுக்கிட்டு ஒருத்தர் உள்ளே உட்கார்ந்திருந்தார்! அவரைத்தானே நான் பதினஞ்சு வருஷமா சொல்றேன்!"

"அவரு பக்கத்து ரூம்ல இருந்தாரு. அங்க கரண்ட் வெக்கல. வெச்சிருந்தா அவரும் போயிருப்பாரு."

"போனது யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. அதுக்குப் பேருதான் போறது."

அவரோடு மறுபடி சண்டை போடக் கிடைத்ததே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரே யானையை அவரும் சாட்சிக்குக் கூப்பிட்டார், நானும் கூப்பிட்டேன். அது இரண்டு பக்கமும் தலையாட்டியது. "தெலுங்கு யானையும் தமிழ் யானையும் வேற வேற ரூம்னா, ரெண்டும் ஒரே யானைதான்னு சொல்ற ரூம் எது?" என்று நான் பாய்ந்தேன். "டாக்டரக் கேட்டு இன்னோர் தடவ தொறந்துறலாமா?" என்று அவர் சிரித்தார். படி ஏறாமல், மூச்சு வாங்காமல், அரைமணி நேரம் நாங்கள் போட்ட சண்டையில் நர்ஸ் இரண்டு முறை வந்து கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

கஸ்தூரி எதிர்க் கட்டிலில் துண்டை மடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டபடி இருந்தார். நாங்கள் ஓய்ந்ததும் சொன்னார்:

"பூனை, மீனு, நாற்காலின்னு எம்பது படம் காட்டுனீங்களேண்ணா. நடுவுல எம் போட்டோ ஒண்ணு வெச்சி, இது யாருன்னு கேக்கணும்னு உங்க ரெண்டு பேருக்குமே தோணலியா?"